இருபத்தோராவது தட்டு

வர வேண்டாம் என்று சண்முகப்ரியாவிடம் யாரும் சொல்லவில்லை. கொங்கு நாட்டில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை. “நீங்க எதுக்குங்க அம்மணி இந்த வெயில்ல சிரமப்பட்டுக்கிட்டு?” என்றுதான் கேட்பார்கள். ஒரு தடவை கேட்டால் அக்கறை. மூன்று தடவை கேட்டால் உத்தரவு. சுப்பண்ணன் நான்கு தடவை கேட்டிருந்தார்.

சுப்பண்ணன் அவளுடைய நாத்தனார் நித்யஸ்ரீயின் மாமனார். தாராபுரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோவிலில், ஞாயிற்றுக்கிழமை, நித்யஸ்ரீயின் மூன்று வயதுப் பையன் ஹர்ஷாவுக்குக் காலையில் மொட்டை, பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் காதுகுத்து. அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும், தாய்மாமன் வீட்டுச் சீர் வேண்டும். தாய்மாமன், சண்முகப்ரியாவின் கணவன் அருள்குமார், பத்து மாதத்துக்கு முன்பு, காங்கேயத்தில் தேங்காய்க் களத்தில் நின்று யாருடனோ போன் பேசிக்கொண்டிருந்தவன், பேச்சை முடிக்காமலே போய்விட்டான். எதிர்முனைக்காரர் வெகுநேரம் “சொல்லுங்க, சொல்லுங்க” என்றுகொண்டிருந்தாராம்.

மடிக்கு ஆள் ஏற்பாடாகிவிட்டது. அருள்குமாரின் பெரியம்மா மகன் சென்னிமலை. சீரைக் கொண்டுபோக ஏற்பாடாகிவிட்டது. அந்தப் பெரியம்மா பொன்னாத்தாளே. அருள்குமாரின் மனைவிக்குத்தான் அதில் வேலை எதுவும் மிச்சம் இல்லை. புருஷன் போனவள் சீர்த்தட்டைத் தூக்கக் கூடாது, சபையில் முன்னால் நிற்கக் கூடாது. பின்னால் நிற்கலாமா என்று கேட்டால், எதற்குச் சிரமம் என்பார்கள்.

ஹர்ஷாவைப் பிறந்த பத்தாம் நாள் முதல் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் காதில் ஊசி இறங்கும்போது பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

சீர் வரிசையில்தானே அவள் நிற்கக் கூடாது? சீர் ஏற்றிவரும் வண்டியை ஓட்டுகிறவர் யார், எவர் என்று எந்தச் சம்பிரதாயமும் கேட்டதில்லை. டிரைவர் டிரைவர்தான். டிரைவரைத் தேடிவந்து கூப்பிட்டுப் பந்தியில் உட்கார வைப்பார்கள். அருள்குமாரின் பிக்கப் வாசலில்தான் நிற்கிறது. இந்தப் பத்து மாதத்தில் அதை ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கியிருந்தாள்.

“சீரு மாமனோட வண்டியிலயே வரட்டுமுங்க, நானே ஓட்டிட்டு வந்தர்றேன்” என்று போனில் சொன்னாள். சுப்பண்ணன் தனக்குத் தெரிந்த சம்பிரதாயங்களையெல்லாம் ஒரு சுற்று தேடிப் பார்த்துவிட்டு, “வண்டி நல்லா ஓடுதுங்களா?” என்று மட்டும் கேட்டார்.

வண்டி ஓடவில்லை. அதாவது, ஓடியது; ஆனால் ஊதியூர் ஏற்றத்தில் வெள்ளோட்டம் பார்த்தபோது, பின்னால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு நடைவேகத்துக்கு வந்துவிட்டது. பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று அவளை முந்தியது. முந்திய ஆள் திரும்பிப் பார்த்து, “ஏனுங்க, ஏதாச்சும் ஒத்தாசை வேணுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதுதான் அவளுக்கு அவமானமாகப் போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் மெக்கானிக் சாமுவேல் வந்தார். அருள்குமாரின் சிநேகிதர். பானட்டைத் தூக்கி, இஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

“மூச்சு இழுக்க முடியலீங்க அம்மணி. இன்டேக் மேனிஃபோல்டு அடைச்சுக் கெடக்குது. கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டோணும்.”

“நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு நான் கெளம்போணுமுங்கண்ணா.”

“கெளம்பிரலாமுங்க” என்றார் சாமுவேல். அவரும் கொங்கு நாட்டுக்காரர்தான். முடியாது என்று அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

பேட்டரி வயரைப் பிரித்தார். காற்றுக் குழாயையும் சென்சார் ஒயர்களையும் கழற்றி ஓரமாகக் கட்டினார். பிறகு ஸ்பேனரை எடுத்தார். இஞ்சினின் பக்கவாட்டில், நான்கு கிளைகள் உள்ள கனத்த அலுமினியக் குழாய் ஒன்று ஒன்பது போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருந்தது. அதுதான் மேனிஃபோல்டு. வெளியிலிருந்து வரும் காற்றை நான்காகப் பிரித்து இஞ்சினுக்குள் அனுப்புகிற சாமான்.

சாமுவேல் போல்ட்டுகளோடும் மரியாதையாகத்தான் பேசுவார். “வாங்க... சித்த வாங்க... அட, வந்துட்டீங்களே!” என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஆறாவது மட்டும் அசையவில்லை. “வாங்கன்னு சொல்றனல்லங்க” என்றார். அப்புறம் “வா” என்றார். அப்புறம் “வாடா” என்றார். சாமுவேல் ஒரு போல்ட்டை ‘டா’ போட்டுப் பேசினால் அது ஒடியப் போகிறது என்று அர்த்தம் என அருள்குமார் சொல்லியிருக்கிறான். சண்முகப்ரியா ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். கால்மணி நேரம் ஊறவிட்டபின் அது மரியாதையாக வந்தது.

“எல்லாம் ஒரே நீளம் இல்லீங்க. ரெண்டு நெட்டை, ஏழு குட்டை. எடம் மாறுச்சுன்னா போச்சு. தடிச்ச அட்டைப் பொட்டி ஏதாச்சும் இருக்குதுங்களா?”

ஒரு கிலோ மைசூர்பாக்கு வந்த பெட்டி ஒன்று இருந்தது. மைசூர்பாக்கைத் தூக்குப்போசிக்கு மாற்றிவிட்டுப் பெட்டியைக் கொடுத்தாள். சாமுவேல் அதற்குள் ஒரு தெர்மாகோல் துண்டை வைத்து, மேனிஃபோல்டின் படத்தைப் பேனாவால் வரைந்து, எந்த ஓட்டையின் போல்ட்டோ அதே இடத்தில் செங்குத்தாகக் குத்திவைத்தார். அது அவருடைய தொழில்முறை. மூடியைச் சாத்தினார். மேலே வேப்பம்பூ கொட்டிக்கொண்டிருந்ததால், அவள் அதை ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்துச் சிவப்புத் துண்டால் மூடினாள். தாம்பாளம் சீருக்காக வாங்கியதில் மிஞ்சியது.

கழற்றிய மேனிஃபோல்டுக்குள் அவள் குனிந்து பார்த்தாள். உள்ளே கரி, அடிப்பிடித்த அல்வா போல அப்பியிருந்தது. இரண்டு விரல் நுழைய வேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல் நுழையவில்லை.

“இத்தனையும் எத்தன நாள்ல சேந்ததுங்கண்ணா?”

“வருசக்கணக்காச் சேருமுங்க. அவருகிட்ட நானும் சொன்னன். இன்னும் ரெண்டு வருசம் ஓடுமுன்னாரு.”

அருள்குமார் எதைப் பற்றியும் அப்படித்தான் சொல்வான். செருப்பு, குக்கர், நெஞ்சுவலி. அவள் டீசலில் முக்கிய ஸ்பூனால் கரியைச் சுரண்ட ஆரம்பித்தாள். சாயங்காலம்வரை சுரண்டினாள். சாமுவேல் இஞ்சின் பக்கத்துத் துவாரங்கள் நான்கிலும் துணியை அடைத்து, “நாலு வெச்சிருக்கறனுங்க, நாளைக்கு நாலு எடுக்கோணும், ஞாபகம் வெச்சுக்குங்க” என்றார். மேனிஃபோல்டுக்கும் இஞ்சினுக்கும் நடுவே காற்றுக் கசியாமல் வைக்கிற புது பேக்கிங் கோயமுத்தூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் கண்டக்டர் கையில் வரும். மாட்டுவதற்கு முக்கால் மணி நேரம் போதும். போகும்போது, “போல்ட்ட வெளில வெக்காதீங்க” என்றும் சொல்லிப் போனார். அவள் தாம்பாளத்தைக் கூடத்துக்குள் கொண்டுபோய் பெஞ்சின் மேல் வைத்தாள். பெஞ்சுக்குக் கீழே சீர்த்தட்டுகள், சிவப்புத் துண்டு போர்த்தி வரிசையாக இருந்தன.

காலையில் சாமுவேல் பேக்கிங் வாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். சண்முகப்ரியா தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போனாள். அந்தச் சமயத்தில்தான் பொன்னாத்தாள், சொந்தக்காரர்கள் நிறைந்த வேனில் வந்து இறங்கினாள். வாசலில் பிக்கப், பானட்டை விரித்து, பாதி இஞ்சின் இல்லாமல் நின்றது. அவள் நேராக உள்ளே போனாள்.

குளியலறைக் கதவைத் தட்டினாள்.

“கண்ணு, உன்ற வண்டி இருக்கற இருப்பப் பாத்தா சீரு அடுத்த வாரந்தான் போவும். நாங்க சீர வேன்லயே ஏத்திக்கறம்.”

“அத்தை! வேண்டாமுங்க! ஒம்பது மணிக்கு ரெடியாயிருமுங்க!” தலை முழுக்கச் சீயக்காயோடு அவள் கத்தினாள்.

“போச்சாது, பரவால்ல, நீ சிரமப்படாத” என்றாள் பொன்னாத்தாள்.

அவள் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கூடம் காலியாக இருந்தது. பெஞ்சும் காலியாக இருந்தது.

பேக்கிங்கை விபூதிப் பொட்டலம்போல் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு சாமுவேல் வந்து சேர்ந்தார். பெஞ்சைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“தட்டு எங்கீங்க அம்மணி?”

அவள் பொன்னாத்தாளுக்குப் போன் போட்டாள். வேனுக்குள் ஒரே பேச்சுச் சத்தம்.

“அத்தை, பெஞ்சு மேல இருந்த தட்டு...”

“எடுத்தாச்சு கண்ணு! கீழ எண்ணுனா இருவதுதான் இருந்துது. ரெட்டப்படையில சீரு போலாமா? என்னடா பண்றதுன்னு பாத்தா, மேல ஒரு தட்டு. சாமியாப் பாத்து வெச்ச மாதிரி. இருவத்தொண்ணு ஆயிப்போச்சு. நானே வெத்தலையும் மஞ்சளும் வெச்சுப்போட்டேன்.”

“அது மைசூர்பாக்கு இல்லீங்கத்தை. வண்டியோட போல்ட்டு.”

“போல்ட்டா? எத்தன?”

“ஒம்பதுங்க.”

“ஒத்தப்படைதான?” என்றாள் பொன்னாத்தாள், நிம்மதியாக.

“அத்தை, வேன நிறுத்துங்க, நான் ஸ்கூட்டர்ல வந்து வாங்கிக்கறேன்.”

“சீர் வண்டிய நடுவழியில நிறுத்தறதா? கெரகம்! நல்ல நாளதுமா என்ன பேச்சு பேசற!” போன் அணைந்தது.

சாமுவேல் தலையைச் சொறிந்தார். “வேற போல்ட் போடலாமுங்க. ஆனா அந்த நெட்டை ரெண்டும் நம்மூர்ல கெடைக்காது. ஞாயித்துக்கெழம கோயமுத்தூர்லயும் கடை தொறக்க மாட்டாங்க.”

சண்முகப்ரியா ஈரத்தலையை முடிந்துகொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். ஒன்பது மணிக்குச் சீர் வண்டியின் டிரைவராகப் போக நினைத்தவள், எட்டேகாலுக்கே யாராகவும் இல்லாமல் தாராபுரம் சாலையில் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது சீர் இறங்கிவிட்டது. கோவில் முன்னால் ஜமுக்காளத்தின் மேல் இருபத்தொரு தட்டுகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சுப்பண்ணன் வேட்டி மடிப்புக் கலையாமல் நடுவில் நின்றார். அவளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிமிடம் குழப்பம். ஆனால் வாய் பழக்கத்தில் பேசிவிட்டது.

“வாங்க அம்மணி, வாங்க வாங்க. தண்ணி குடிக்கறீங்களா? எதுக்குங்க இந்த வெயில்ல...”

ஐந்தாவது தடவை. அவள் அதை முடிக்க விடாமல், கடைசித் தட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள்.

சுப்பண்ணன் குனிந்து துண்டை விலக்கி, வெற்றிலையை எடுத்துவிட்டு, பெட்டியைத் திறந்தார். ஒன்பது போல்ட்டுகள் கொலு மாதிரி நின்றன. பின்னால் நின்ற சொந்தபந்தம் எட்டிப் பார்த்தது. பொன்னாத்தாள் கோவில் கோபுரத்தை ரசிக்க ஆரம்பித்தாள்.

“அதத் திருப்பிக் குடுத்தீங்கன்னா வண்டியில மாட்டிக்குவமுங்க மாமா.”

“திருப்பியா?” சுப்பண்ணனுக்குக் குரல் இறங்கிவிட்டது. “அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. தாய்மாமன் ஊட்டுச் சீரு நம்ம ஜமுக்காளத்துல எறங்கிப்போட்டா அது பையனோடதுங்க. அதத் திருப்பிக் குடுத்தா ஒறவத் திருப்பிக் குடுக்கற மாதிரிங்க. எங்க பாட்டன் காலத்துல இருந்து அப்படி நடந்ததில்லீங்க.”

“மாமா, ஹர்ஷா போல்ட்ட வெச்சு என்னங்க பண்ணுவான்?”

சுப்பண்ணன் அதை நியாயமான கேள்வியாக எடுத்துக்கொண்டு யோசித்தார். “நாளைக்குப் பெரியவனாகி லேத்துப் பட்டறை போட்டான்னு வெச்சுக்குங்க...”

அதற்குள் நித்யஸ்ரீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பட்டுப்புடவை, இடுப்பில் அரை மொட்டையோடு ஹர்ஷா. நாவிதர் கத்தியோடு பின்னாலேயே வந்தார். அண்ணியைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. ஆனால் அவள் அந்த வீட்டில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவள். மாமனாரிடம் எந்தப் பாஷையில் பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

“மாமா சொல்றது செரிதானுங்க அண்ணி. சீரத் திருப்பக் கூடாது” என்றாள். “ஆனா மாமா, சீர் கொண்டாந்த ஊட்டுக்குத் தாம்பூலம் குடுக்காம அனுப்பலாமுங்களா?”

“அதெப்படிங்க அனுப்பறது? குடுத்தே ஆவோணும்.”

“தாம்பூலப் பையில இன்னதுதான் போடோணும்னு கணக்கு இருக்குதுங்களா?”

சுப்பண்ணன் மீண்டும் பாட்டன் காலம்வரை போய்த் தேடினார். “தேங்காயும் வெத்தலையும் இருக்கோணும். மத்தது அவங்கவங்க இஷ்டம்.”

நித்யஸ்ரீ ஒரு மஞ்சள் பையை எடுத்தாள். தேங்காய், வெற்றிலை, பாக்கு போட்டாள். அதன் மேல் போல்ட் பெட்டியை, ஒன்றும் சாயாமல், நேராக இறக்கினாள். எல்லோரும் பார்க்க அண்ணியின் கையில் கொடுத்தாள். இந்தப் பத்து மாதத்தில் சண்முகப்ரியாவுக்கு யாரும் தாம்பூலம் கொடுத்ததில்லை. பையின் காது கையில் அறுத்தது. அவள் மாற்றிப் பிடிக்கவில்லை.

“இப்ப இன்னொரு சிக்கல் இருக்குதுங்களே மாமா” என்றாள் நித்யஸ்ரீ. “காலித் தட்டு கணக்குல வராது. இங்க தட்டு இருவது ஆயிப்போச்சு.”

சுப்பண்ணன் அதிர்ந்தார். ஜமுக்காளத்தை ஒரு தடவை எண்ணினார். திருப்பி எண்ணினார்.

“ரெட்டப்படை சீர வெச்சுக் காது குத்த முடியாதுங்க” என்றார், மெதுவாக.

“நம்மூட்டுத் தட்டு ஒண்ணு வெச்சா?” என்றார் யாரோ.

“அது மாமன் ஊட்டுச் சீராகாதுங்க” என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். பொன்னாத்தாள் பக்கம் திரும்பினார். சீரில் வைக்கக்கூடிய எவர்சில்வர் கிண்ணம் ஒன்று பொன்னாத்தாளின் கையில் இருந்தது. அதை மெல்ல முந்தானைக்குள் விட்டுக்கொண்டு, “என்றகிட்ட ஒண்ணுமில்லீங்க. அவதான் கொண்டாரோணும்” என்றாள்.

சுப்பண்ணன் சண்முகப்ரியாவை நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“அம்மணி, சிரமம் பாக்காம, சித்த வெரசலா வந்தர்றீங்களா? பன்னண்டு மணிக்குள்ளங்க.”

அவள் வீடு திரும்பியபோது மணி பத்தேகால். சாமுவேல் மேனிஃபோல்டு பொருந்தும் இஞ்சின் முகத்தைக் கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தார். “சர்ச்சுல மொத ஆராதனை போச்சுங்க, பரவாயில்ல, ரெண்டாவதுக்குப் போயிக்கறேன்” என்றார். துணிகளை எடுக்க எடுக்க அவள் எண்ணினாள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. புது பேக்கிங்கை வைத்து, மேனிஃபோல்டை அவள் தாங்கிப் பிடிக்க, அவர் ஒன்பது போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றினார். பிறகு நடுவிலிருந்து ஆரம்பித்து இருபக்கமும் மாறி மாறி வெளியே போனார். ஓரத்திலிருந்து முடுக்கினால் நடுவில் தூக்கிக்கொள்ளும், காற்றுக் கசியும். முதல் சுற்று லேசாக, இரண்டாம் சுற்று, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில். ஒவ்வொன்றும் ‘டிக்’ என்றதும், “நன்றிங்க” என்றார்.

சாவியைத் திருப்பினாள். இஞ்சின் ஒருமுறை தும்மி, கொஞ்சம் கரியைத் துப்பிவிட்டு, நிதானமாக மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சாமுவேல் கண்ணை மூடிக் கேட்டார்.

“போய்ட்டு வாங்க” என்றார். “பேக்கிங்ல காத்துக் கசிஞ்சு விசில் மாதிரி ஏதாச்சும் சத்தம் வந்தா மட்டும் எனக்குப் போன் பண்ணோணும்.”

ஒரு தாம்பாளத்தில் ஒரு சீப்பு வாழைப்பழமும் போசியிலிருந்த மைசூர்பாக்கும் வைத்து, பக்கத்து சீட்டில் ஏற்றினாள். ஊதியூர் ஏற்றத்தில் அதே பால்காரரின் மொபெட்டை மூன்றாவது கியரில் முந்தினாள். நின்று, உதவி ஏதாவது வேண்டுமா என்று கேட்க ஆசையாக இருந்தது. நேரமில்லை.

கோவிலுக்கு வரும்போது மணி பதினொன்றே முக்கால் தாண்டிவிட்டது. சுப்பண்ணன் ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார். வண்டி நிற்பதற்குள் ஜன்னலுக்குள் இரண்டு கையையும் நீட்டி, “குடுங்க அம்மணி, குடுங்க” என்று அவள் பக்கத்து சீட்டிலிருந்து எடுத்து நீட்டிய தட்டைப் பிடுங்கிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக ஓடினார்.

உள்ளே வேறொரு கலவரம் நடந்துகொண்டிருந்தது. சென்னிமலையின் மீசையைப் பார்த்து மிரண்ட ஹர்ஷா, மடியில் உட்கார மாட்டேன் என்று மூன்று பேரைக் கடித்துவிட்டான். இஞ்சின் சத்தம் கேட்டதும், “மாமா வண்டி!” என்று கத்திக்கொண்டு, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு எல்லோர் கால்களுக்கும் நடுவே புகுந்து ஓடிவந்தான். சண்முகப்ரியா கதவைத் திறந்ததும் ஏறி அவள் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் சாவியைத் தொட்டாள். “நிறுத்தக் கூடாது!” என்று அலறினான்.

“எறங்குடா தங்கம்” என்றாள் பொன்னாத்தாள். “வாடா மாப்பிள்ளை” என்றார் சென்னிமலை, ஒரு கையால் மீசையை மறைத்துக்கொண்டு. அவன் யாரையும் பார்க்கவில்லை.

பதினொன்று ஐம்பத்திரண்டு. ஆசாரி ஊசியும் கம்மலும் ஏந்தி வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எல்லோரும் சுப்பண்ணனைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். குழந்தை யார் மடியில் இருக்கிறது என்பதை மட்டும் கவனமாகப் பார்க்காமல், அதற்குக் கீழே இருந்த கிழிந்த ரெக்சின் சீட்டைப் பார்த்தார்.

“இது மாமன் உக்காந்த எடந்தானுங்களே?” என்றார்.

“பதிமூணு வருசம் உக்காந்த எடமுங்க” என்றாள் நித்யஸ்ரீ.

“அப்பச் செரிங்க. குத்துங்க.”

ஆசாரி படிமேல் ஏறி, ஒரு கையால் குழந்தையின் காதைப் பிடித்தார். ஊசியைக் கொண்டுபோனவர் சட்டென்று நிறுத்தினார்.

“ஏனுங்க, வண்டிய ஆஃப் பண்ணீட்டீங்களா? ஓடுனா கை ஆடுமுன்னு பாத்தேன், ஆட்டமே இல்லீங்க.”

“இல்லீங்க. ஓடுதுங்க.”

ஆசாரி பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். பிறகு காதுக்குத் திரும்பினார்.

சண்முகப்ரியா ஹர்ஷாவின் மொட்டைத் தலையைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள். சந்தனம் அவள் புடவையெல்லாம் ஒட்டியது. அந்த நேரம் பார்த்து டேஷ்போர்டில் இருந்த அவள் போன் அடித்தது. நித்யஸ்ரீ எட்டி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மணி, நான் சாமுவேலுங்க” என்றது ரகசியக் குரல். “சர்ச்சுல இருக்கறேன், ஜெபம் நடக்குது, சத்தமாப் பேச முடியாதுங்க. வண்டி எப்படி...”

ஊசி இறங்கியது. ஹர்ஷா வாயைத் திறந்து கிறீச்சென்று வீறிட்டான்.

“அய்யோ ஆண்டவரே!” என்று சர்ச்சே கேட்கும்படி சாமுவேல் கத்தினார். “விசிலு! பேக்கிங் போச்சுங்க! வண்டிய எடுக்காதீங்க, நான் வாரேன்!”

“வேண்டாமுங்கண்ணா” என்றாள் சண்முகப்ரியா, இன்னொரு காதைத் திருப்பிக் காட்டியபடி. “இன்னொரு தடவை அடிக்குமுங்க. அப்புறம் செரியாயிரும்.”